சங்கரதாஸ் சுவாமிகளின் நூறாவது நினைவு நாளும் எங்கள் தோட்டத்து நாடக நோட்டும்

30 அக்டோபர் 2022 (கேள்வி)

வருகிற நவம்பர் 13-ஆம் தேதியோடு, ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்து நூறு ஆண்டுகள் நிறைகின்றன என்றும், அன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் ஒரு நினைவுக் கூட்டம் வைக்க வேண்டும் என்றும் ஐயா ஒருவர் கோவிலில் சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். சுவாமிகள் வாழ்ந்ததும் நாடக சபைகளை நிறுவியதும் தமிழ்நாட்டில். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் ‘வள்ளி திருமணம்’ முப்பது முறையாவது பார்த்தவர். அவரிடம் சங்கரதாஸ் சுவாமிகள் யார் என்று கேட்டேன், தெரியாது என்றார். ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் பெயரே தெரியாத ஒருவரை நாம் எதற்காக நினைவுகூர வேண்டும்? நம் தோட்டங்களில் ஆடியவர்களை நினைத்தால் போதாதா?

31 அக்டோபர் 2022

கோவிலில் அப்படிச் சொன்னவன் நான்தான், தம்பி. உங்கள் பாட்டி சொன்னதை நான் மறுக்கவில்லை. என் தாத்தா பகலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, இரவில் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர்; அவர் வாயிலிருந்தும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு நூலகத்தில் ஒரு பழைய நாடகப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான், சிறுவயதில் நான் தூக்கக் கலக்கத்தோடு கேட்டு வளர்ந்த பாட்டுகளுக்கு ஒரு ஆசிரியர் இருந்தார் என்பதே எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு நான் அடைந்த வியப்பும், அதற்குப் பின்னால் வந்த குற்ற உணர்வும்தான் இந்தக் கூட்டத்தை வைக்கச் சொல்கின்றன.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் பெயர் பெற்றார். பின்னர் வேடம் கட்டுவதை விட்டுவிட்டு, பல சபைகளுக்கு ஆசிரியராகவும் நாடகம் எழுதுபவராகவும் இருந்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தோற்றுவித்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அவர் வேடத்தை விட்டதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். நளதமயந்தியில் சனீசுவரனாக ஆடி முடித்து, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, அங்கே வந்த ஒரு பெண் அவரைக் கண்ட அதிர்ச்சியில் விழுந்து உயிர்விட்டாள் என்பது அந்தக் கதை. படித்தபோது எனக்கு உடனே 1965-ஆம் ஆண்டுத் திருவிழா நினைவுக்கு வந்தது. மாரியம்மன் கோவிலுக்கு எதிரே, பால் கொட்டகைப் பலகைகளைக் கொண்டு கட்டிய மேடையில் நான் பிரகலாதன். எனக்கு ஒன்பது வயது. இரணியனாக வந்தவர் என் தாய்மாமன். வீட்டில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற மாமா, முகத்தில் சிவப்பும் கறுப்பும் பூசி, கேஸ் விளக்கின் வெளிச்சத்தில் கதாயுதத்தோடு வந்து நின்றபோது, அவர் மாமா என்பது எனக்கு மறந்துபோயிற்று. பாட்டும் மறந்துபோயிற்று. கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த தாத்தா, என்னைப் பார்க்காமலேயே, நான் பாட வேண்டிய அடியை ஆர்மோனியத்தில் எடுத்து, பின்பாட்டு எங்கே முடிந்து என் பாட்டு எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியாதபடி என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த நாடகத்துக்கான நோட்டும் மற்ற நோட்டுகளும் தாத்தா 1937-இல் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கப்பலேறும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்தவை என்று வீட்டில் சொல்வார்கள்.

1 நவம்பர் 2022

நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒருவர், புகழ்பெற்ற நாடக நடிகர்களான கிட்டப்பாவும் டி.கே.எஸ். சகோதரர்களும் சுவாமிகளின் ஒரே சபையில் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. செங்கோட்டை கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் பயின்றது முந்தைய சமரச சன்மார்க்க சபையில். டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-இல் தொடங்கிய பால சபையில் சேர்ந்தவர்கள், அப்போது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. இரண்டு சபைகளுக்கும் ஆசிரியர் ஒருவர் என்பதால் இந்த மயக்கம் வருகிறது.

3 நவம்பர் 2022

தம்பியின் கேள்வி மூன்று நாட்களாக என்னை விடவில்லை. “நம் தோட்டத்தில் ஆடியவர்களை நினைத்தால் போதாதா” என்ற வரிக்கு நான் முதல் நாள் பதிலே சொல்லவில்லை. வரலாறு சொன்னேன், என் கதை சொன்னேன், கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

சிறுவர்களை வைத்து சபை நடத்தும் முறையைச் சுவாமிகள் ஏன் கைக்கொண்டார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அக்காலத்தில் தேர்ந்த நடிகர்கள் மேடையில் ஒருவரை ஒருவர் மடக்குவதற்காகக் கதையை விட்டு விலகிப் பேசுவதும், ஒருவர் பாட்டை இன்னொருவர் அமுக்குவதும், இரவு முழுவதும் தர்க்கத்திலேயே கழிந்து கதை முடியாமல் போவதும் வழக்கமாக இருந்தன. எழுதியதை எழுதியபடி பாடவும் பேசவும் வைக்க வேண்டுமானால் கட்டுக்கு அடங்கிய பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் சபையிலேயே தங்கி, உண்டு, உறங்கி, தங்கள் வேடத்தை மட்டுமல்லாமல் கூட இருப்பவர்களின் பாடத்தையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்று டி.கே. சண்முகம் தம் நினைவுகளில் பதிந்திருக்கிறார்.

இதன் விளைவு அவர் காலத்துக்குப் பிறகுதான் முழுமையாகத் தெரிந்தது. சபைகள் கலைந்தன. நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டு ஆடும் ஸ்பெஷல் நாடகம் பெருகிற்று. மதுரையிலிருந்து நாயக வேடத்துக்கு ஒரு ராஜபார்ட், புதுக்கோட்டையிலிருந்து பெண் வேடத்துக்கு ஒரு ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து சிரிக்க வைக்கப் பபூன், இன்னோர் ஊரிலிருந்து ஆர்மோனியம் என்று வந்து சேர்கிறவர்கள், ஒத்திகை இல்லாமல், அன்று மாலைதான் முகம் பார்த்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு ‘வள்ளி திருமணம்’ தொடங்கி விடியும்வரை ஆடுகிறார்கள். இன்றும் தென்தமிழ்நாட்டுக் கோவில் திருவிழாக்களில் இது நடக்கிறது. இது எப்படி முடிகிறது? எல்லாருடைய மனத்திலும் ஒரே பாடம் இருப்பதால் முடிகிறது. அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் சுவாமிகள்.

எங்கள் தோட்டத்திலும் அப்படியே நடந்தது என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறேன். எங்களுக்கு ராஜபார்ட் கிடையாது. கோலகங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) திருவிழா அன்று பிற்பகல் சைக்கிளில் வருவார். வள்ளியாக ஆடியவர் எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்றாம் வீட்டில் இருந்த அண்ணன். இருவரும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த மேடையில்தான் சந்தித்தார்கள். மண்டோர் தேநீர் குடித்து முடித்ததும் தாத்தா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “எத்தனை கட்டை?” சுருதி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் இருவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத அந்த இரண்டு தோட்டத்து ஆட்களை ஒரே மேடையில் நிற்க வைத்தவர், அவர்கள் பெயர் கேட்டிராத அந்த மனிதர். நம் தோட்டத்தில் ஆடியவர்களை நினைக்கப் போனால் அவரிடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது, தம்பி.

4 நவம்பர் 2022, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சுவாமிகள் நிறுவிய சபைகளின் பெயர்களைக் கவனியுங்கள். ஒன்று வள்ளலார் வழங்கிய சொல்லைத் தாங்கியது. மற்றொன்று மதுரை மீனாட்சியின் பெயரைத் தாங்கியது. இரண்டிலும் சங்கரதாஸ் என்ற பெயர் இல்லை.

6 நவம்பர் 2022

இன்று காலை தெலுக் இந்தானிலிருந்து என் தங்கை தாத்தாவின் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா இறந்த பிறகு அது அவளிடம் இருந்தது. நான் அதைக் கையில் எடுத்து முப்பது ஆண்டுகள் இருக்கும். அப்போதும் பாட்டுகளைத்தான் படித்தேனே தவிர, தாளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

நோட்டு என்று நாங்கள் சொல்லி வந்தது உண்மையில் நோட்டு அன்று. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கழித்துவிட்ட செக்ரோல் (வருகைப் பதிவு) தாள்களை நடுவில் மடித்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்திருக்கிறார். ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் தொழிலாளர்களின் பெயர் வரிசை, வேலைக்கு வந்த நாள், வராத நாள். வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் வள்ளியும் பவளக்கொடியும் கோவலனும். தாள்களின் தலைப்பில் மாதமும் ஆண்டும் இருக்கின்றன. மிகப் பழைய தாள் 1949, கடைசித் தாள் 1951.

ஆகவே 31-ஆம் தேதி நான் எழுதியது தவறு. இந்த நோட்டு புதுக்கோட்டையிலிருந்து கப்பலில் வரவில்லை. இங்கேயே எழுதப்பட்டது.

7 நவம்பர் 2022

நேற்று எழுதியதைத் தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். 1949 முதல் 1951 வரை என்றால் அவசரகாலம். 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்ததும் இங்கே எல்லாருக்கும் தெரிந்தவை. எங்கள் தோட்டத்தில் இருட்டிய பிறகு லயத்தை விட்டு வெளியே வரக்கூடாது. இரவு நாடகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருவிழா பகலிலேயே முடிந்துவிடும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

மேடை இருந்த காலமெல்லாம் தாத்தா ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, வாயிலேயே இருந்தது. மேடை இல்லாமல் போனபோதுதான் மறந்துவிடுமோ என்ற பயம் வந்து எழுதியிருக்கிறார். மண்ணெண்ணெய் விளக்கைத் தாழ்த்தி வைத்து, காலையில் பெரட்டுக்கு (வருகைக் கணக்கெடுப்புக்கு) எழ வேண்டும் என்பதையும் பொருட்படுத்தாமல் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து சில பக்கங்களில் வரிசை தவறிச் சரிந்து போகிறது.

சுவாமிகளுக்கு 1921-இல் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. அத்தனை பாட்டுகளை எழுதிக் கொடுத்தவர் வாய் திறக்க முடியாமல் இருந்தார்; பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் நோட்டை வைத்துக்கொண்டு இதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. இரண்டையும் ஒப்பிடுவது சரிதானா என்றும் தெரியவில்லை. நாளைக்கு வேறு மாதிரி தோன்றினால் எழுதுகிறேன்.

8 நவம்பர் 2022

ஒரு கண்டுபிடிப்பு என்று நினைத்து நேற்றிரவே எழுத உட்கார்ந்தவன், தங்கை தடுத்ததால் நிறுத்தினேன். பல பாட்டுகளுக்கு இடப்புறம் ‘சு’ என்ற எழுத்து இருக்கிறது. அது சுவாமிகளைக் குறிக்கிறது, தாத்தாவுக்கு அவர் பெயர் தெரிந்தே இருந்திருக்கிறது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. காலையில் வெளிச்சத்தில் பார்த்தால், வேறு பாட்டுகளுக்குப் பக்கத்தில் ‘மோ’, ‘கா’, ‘செ’ என்றெல்லாம் இருக்கின்றன. சுருட்டி, மோகனம், காம்போதி, செஞ்சுருட்டி என்ற ராகங்கள். ஆர்மோனியம் வாசிப்பவருக்கு வேண்டிய குறிப்பு. நோட்டு முழுவதும் தேடிவிட்டேன். சுவாமிகளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தம்பி கேட்ட கேள்வி இந்த வகையில் சரியாகத்தான் இருந்தது.

9 நவம்பர் 2022

அச்சில் வந்த ‘வள்ளி திருமண’த்தை நோட்டோடு வரி வரியாக ஒப்பிட்டேன். பாட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சொல் ஒன்றிரண்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உரையாடலில்தான் வேறுபாடு. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் இடத்தில், கிளிக்கும் குருவிக்கும் பிறகு இருவாய்ச்சி வருகிறது. பேராக் காட்டோரத்துத் தோட்டத்தில் இருவாய்ச்சியின் சிறகோசை கேட்காத நாள் உண்டா? நாரதர் வள்ளியிடம் பேசும் இடத்தில், ‘எந்த டிவிஷன் பெண் நீ’ என்று கேட்கிறார். பபூன் பகுதியில் ஒரு கங்காணி வருகிறார்; அவர் பேசுவது முழுவதும் எங்கள் தோட்டத்துப் பேச்சு.

இங்கே எனக்குள்ளேயே வழக்கு எழுகிறது. எழுதியதை எழுதியபடி பேச வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்து சபை நடத்தியவர் சுவாமிகள். அவர் இந்த இருவாய்ச்சியை ஏற்றிருப்பாரா? ஏற்றிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். அவருடைய பாடத்தைக் காப்பாற்றிய தாத்தா, அவருடைய விதியை மீறியிருக்கிறார். ஆனாலும் பாட்டில் கைவைக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதில் நான் இதைப் படித்திருந்தால் கலப்படம் என்று சொல்லியிருப்பேன். வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் பாடபேதம் இல்லாமல் மனப்பாடம் செய்யக் கற்பித்தவன் நான். இப்போது அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

10 நவம்பர் 2022

பெண்கள் வேடம் கட்டியதுண்டா என்று ஈப்போவிலிருந்து எழுதும் அம்மையார் கேட்டிருப்பதற்கு: எங்கள் தோட்டத்தில் பெண்கள் வேடம் கட்டியதில்லை. பால சபைகளிலும் பெண் வேடம் சிறுவர்களுக்கே. ஆனால் தமிழ்நாட்டு மேடையில் பெண்கள் இல்லாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் தாமே குழு நடத்தியவர். கொடுமுடி சுந்தராம்பாள் வள்ளியாகவும் கிட்டப்பா வேலனாகவும் ஆடியதைக் கேட்க ஊரே திரண்டது. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். எங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டில் அவருடைய இசைத்தட்டு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைச் சன்னல் ஓரமாக வைத்துப் போடுவார், பெண்கள் அந்தப் பக்கமாகவே விறகு பொறுக்கப் போவார்கள் என்று என் அம்மா சொல்வார்.

இன்னொருவர் பங்சாவான் பற்றிக் கேட்கிறார். 1885-ஆம் ஆண்டளவில் பினாங்கில் மாமாக் புஷி தொடங்கிய குழுவிலிருந்து அந்த மலாய் இசை நாடகம் வளர்ந்ததாகச் சொல்வார்கள். அதற்கு முன்மாதிரி, அங்கே வந்து ஆடிய பார்சி நாடகக் குழுக்கள். தமிழ்நாட்டு மேடைக்கும் வண்ணத் திரைகளையும் ஆர்மோனியத்தையும் வடநாட்டு மெட்டுகளையும் கொடுத்ததில் பார்சிக் குழுக்களுக்குப் பங்குண்டு. ஆகவே இரண்டும் உறவு முறை. இதற்கு மேல் இப்போது போக வேண்டாம்; போனால் 13-ஆம் தேதிக்குள் திரும்பி வர முடியாது.

11 நவம்பர் 2022

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. 19-ஆம் தேதி பொதுத்தேர்தல் என்பதால் பசாரில் உள்ள மண்டபங்கள் எல்லாம் கிடைக்கவில்லை; கோவிலுக்குப் பின்னால் உள்ள அன்னதானக் கூடத்தைத் தருவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார். ஒலிபெருக்கி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். சுருதிக்குத் தாத்தாவின் ஆர்மோனியம் இருக்கிறது. துருத்தியில் கிழிசல் இருக்கிறது, இரண்டு கட்டைகள் ஊமை, அதனாலென்ன. தேநீருக்கும் பலகாரத்துக்கும் ஆளுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) தந்தால் போதும். இல்லாதவர்கள் தர வேண்டாம்.

கேள்வி கேட்ட தம்பி, பாட்டியையும் அழைத்து வாருங்கள்.

14 நவம்பர் 2022

நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்றரைக்கே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழையில் முதல் அரைமணி நேரம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொன்னது என் தவறுதான்.

சுவாமிகளின் படத்துக்கு மாலை போட்டு, வாழ்க்கையைச் சொன்னோம். இவையெல்லாம் எந்தக் கூட்டத்திலும் நடப்பவை. அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நோட்டை மேசைமேல் வைத்து, விரும்பியவர்கள் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். எல்லாரும் பாட்டுப் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்று எண்ணினேன். ஒரு அக்கா தாளைத் திருப்பிப் பெயர் வரிசையைப் படிக்கத் தொடங்கினார். நான்காவது பெயர் அவருடைய தந்தையின் பெயர். அவர் படித்து நிறுத்தியதும் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, இது எங்கள் சின்னத்தா, இது கள்ளபார்ட் போடுவாரே அந்தப் பெரியப்பா, இவர் வெட்டு மரத்தடியில் பாம்பு தீண்டிச் செத்தவர் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எங்கள் வள்ளி அண்ணனின் பெயரும் இருந்தது. அந்த மாதத்தில் அவர் ஆறு நாள் வேலைக்கு வரவில்லை. அவருடைய பெயர் இருந்த தாளின் மறுபக்கத்தில் வள்ளியின் பாட்டு இல்லை, கோவலன் நாடகத்துப் பாட்டு இருந்தது. தாத்தா கைக்கு வந்த தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வேறெதையும் அதில் நான் ஏற்றிப் படிக்கக் கூடாது.

தம்பியின் பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது. மழை விட்ட பிறகு அவர் பாடினார். ஆலோலப் பாட்டு. மூன்றாவது அடியில் நோட்டிலும் இல்லாத, அச்சுப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சொல்லைப் பாடினார். நான் ஆர்மோனியத்தில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இரண்டாம் முறையும் அதையே பாடினார். அது பிழையா, வேறொரு தோட்டத்துப் பாடமா, அச்சுக்கு முந்தைய பாடமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் சந்தத்தில் புத்தகத்தில் உள்ளதைவிட நன்றாக உட்காருகிறது என்பதை மட்டும் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சொல்வேன். சந்தத்தில் வல்லவர் என்று பெயர் எடுத்தவரின் பாட்டு அது. அதனால் அச்சுப் புத்தகத்தை மீண்டும் ஒருமுறை சந்தேகத்தோடு படிக்கப் போகிறேன்.

பாடி முடித்ததும் பாட்டியிடம், “இந்தப் பாட்டு யாருடையது, அம்மா?” என்று கேட்டேன். “வாத்தியார் பாட்டு” என்றார். தோட்டத்தில் என் தாத்தாவை எல்லாரும் வாத்தியார் என்றுதான் அழைப்பார்கள். ஆகவே தாத்தாவைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். தாத்தா ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கும் முன், பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “வாத்தியாருக்கு நமஸ்காரம்” என்று சொல்லித்தான் துருத்தியை விடுவாராம். “அந்த வாத்தியார்” என்றார். யார் அந்த வாத்தியார் என்று பாட்டி ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை; தாத்தா அப்படிச் சொன்னதே என் நினைவில் இல்லை. தாத்தாவுக்கு ஆர்மோனியம் கற்பித்தவர் புதுக்கோட்டையில் ஒருவர் இருந்தார், அவராக இருக்கலாம். சுவாமிகளைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம் மகனாகவே ஏற்று வைத்திருந்ததும் அதே புதுக்கோட்டையில்தான். அந்த ஊரில் நாடகக்காரர்கள் வாத்தியார் என்று சொன்னால் யாரைச் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் 8-ஆம் தேதி ‘சு’ என்ற எழுத்தை நம்பி ஏமாந்தவன் நான். எழுதி வைக்கிறேன், முடிவு சொல்லவில்லை.

16 நவம்பர் 2022

தம்பி எழுதியிருப்பதைப் படித்தேன். அடுத்த ஆண்டு பெயர்ப் பலகையில் சுவாமிகளின் பெயரோடு செக்ரோலில் உள்ள பெயர்களையும் எழுத வேண்டும் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடியவர்களின் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம். செக்ரோலில் இருப்பவர்கள் எல்லாரும் ஆடவில்லை. பலர் பாயை விரித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்து பார்த்தவர்கள். அவர்கள் பெயர்களும் இருக்கட்டும். உறவினர்களிடம் கேட்டு, அவர்கள் ஒப்பினால் மட்டும்.

8 ஜனவரி 2023

பொங்கல் வேலைகளுக்கு நடுவே இதை எழுதுகிறேன். ஆர்மோனியத்தின் துருத்தியை மாற்றியாயிற்று, நூற்றிருபது வெள்ளி. ஊமையாக இருந்த இரண்டு கட்டைகளில் ஒன்று பேசுகிறது. மற்றொன்றின் நாக்கு உள்ளே உடைந்திருக்கிறது, அதற்கு மாற்று கிடைக்கவில்லை.

நோட்டில் ‘பவளக்கொடி’ பாதியில் நிற்கிறது. அல்லியின் கோட்டைக்குள் அர்ச்சுனன் நுழையும் இடத்தோடு கடைசித் தாள் முடிகிறது; தையல் நூலில் கிழிந்த தாளின் ஓரம் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதற்குப் பின்னும் தாள்கள் இருந்திருக்கின்றன. தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, லயங்களை உடைத்தபோது பலர் பெட்டிகளோடு வெவ்வேறு ஊர்களுக்குப் போனார்கள். எவர் வீட்டிலாவது, ஒரு பக்கம் பெயர்களும் மறுபக்கம் பாட்டுமாக, நீல மையில் எழுதிய தாள்கள் இருந்தால், எடுத்துவர வேண்டியதில்லை. இங்கே ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் பாட்டி வீட்டில் இருப்பேன். ஆலோலம் முடிந்து, இப்போது வேலன் வருகிற இடத்துக்கு வந்திருக்கிறோம்.